ஆறாவது கை

மார்ச் 3

தம்பிக்கு,

உன் முகவரியை எதிர்வீட்டுத் தையற்காரியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே. நான் அவள் வாசலை விட்டு நகராமல் நின்றதால் கொடுத்தாள். போனில் பேசியிருக்கலாம். எனக்கு ஒரு காது போய்விட்டது. போனில் பேசினால் கத்துகிறேன். நான் கத்தினால் நீ வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு செய்தி தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நூலகத்துக்குப் புதிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே வரும் பெரிய சுவரில் என் படத்தை நிரந்தரமாக மாட்டப்போகிறார்கள். எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். ஜூலை முதல் தேதி திறப்பு. ஜூன் பதினைந்தில் வண்டி வந்து எடுத்துப்போகும். பெயர் பழைய பெயர்தான்: 'பிரித்தவன்'.

உன் கையும் அதில் இருப்பதால் சொல்கிறேன். அனுமதி கேட்கவில்லை.

நூலகத்தின் சார்பில் ஒரு ஓவிய வாத்தியார் பார்க்க வந்தார். கதவளவு உயரப் படத்தின் முன்னால் கால்மணி நேரம் நின்றார். "முகமே இல்லாம வெறும் கைகளை வெச்சு இவ்வளவு துக்கத்தைக் காட்டியிருக்கீங்களேம்மா. இந்தப் பாணிக்கு எக்ஸ்பிரஷனிசம்னு பேரு. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். "முப்பத்திரண்டு வருஷம் கையுறைக் கம்பெனியில தோல் வெட்டினேன். அங்க வந்தவங்க எல்லாரும் கையைத்தான் நீட்டினாங்க, முகத்தை நான் பார்த்ததில்ல" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஐந்து வருடத்தில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. உன் அத்தான் கையின் பச்சை அப்படியே இருக்கிறது. உன் கைகளின் சிவப்பும்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இங்கே முதியோர் இல்லத்தில் முப்பது பேர். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நானும் இன்னொருவனும்தான். என் வயதுக்கு நானே அங்கே படுத்துக்கொள்ளலாம் என்று கேலி செய்கிறார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. பழகிவிட்டது.

படத்தை மாட்டட்டும். உனக்கு வரவேண்டிய மரியாதைதான். ஒரே ஒரு வேண்டுகோள்.

முதன்முதலாக நீ அதைப் பள்ளிக்கூட ஹாலில் வைத்தபோது நானும் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "இது முக்கா கைதானே? ஆள்காட்டி விரலைப் பாரு, நுனி இல்ல." "அவனேதான். புருஷன் சாகப்போற நேரத்துல கையைப் பிடிச்சிட்டு இருந்தவளைப் பிடுங்கி வெளிய அனுப்பினானாமே?" "ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவனாம், மனுஷனா அவன்?" நான் திரும்பி வெளியே வந்துவிட்டேன். குடையைக்கூட எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஊரை விட்டு வந்தேன். இப்போது நிரந்தரமாக மாட்டப்போகிறார்கள் என்றால், நான் செத்த பிறகும் அந்த விரல் அங்கே நிற்கும்.

அந்த விரலுக்கு ஒரு நுனி வைத்துவிடேன். பட்டாணி அளவு பெயின்ட் போதும். யாருக்கும் அடையாளம் தெரியாது. அந்த நுனியைக் கதவில் வைத்து மூடியவள் நீதான். எனக்கு ஏழு வயது, உனக்குப் பதின்மூன்று. அப்போது பிடித்து ஊர் முழுக்க என்னை முக்கால் விரல், முக்கா என்றே கூப்பிடுகிறது. அறுபது வருடம் ஆகப்போகிறது. கடனைத் தீர்க்க இது நல்ல சந்தர்ப்பம்.

முடியாதென்றால் பெயரையாவது மாற்று.

உன் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

நுனி வைக்க முடியாது. இல்லாத விரலுக்குத் தோல் வெட்டினால் கையுறை தொங்கும். என் மேசையிலிருந்து அப்படி ஒன்றுகூடப் போனதில்லை. கதவை நான் மூடியது உண்மை. நீ விரலை அங்கே வைத்ததும் உண்மை.

பெயரையும் மாற்ற முடியாது. ஏன் என்று உனக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன்.

உன் அத்தான் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் கிடந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. நீ ஆஸ்பத்திரி வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வந்து எங்களோடு இருந்தாய். தூக்கினாய், துடைத்தாய், சவரம் செய்தாய். அதை நான் எங்கும் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொல்வேன்.

இடது கை மட்டும் அவருக்கு வேலை செய்தது. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர் ஆயிற்றே, கண்டக்டர் பாஷையில்தான் பேசினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு தட்டு என்றால் போகலாம், சரி. காபி ஆறிவிட்டதா என்று கேட்டால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. நீ பாடினால் ஒரு தட்டு. மூன்று பேரும் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

ஆனால் அவர் என்னைப் பிடித்தது அந்தச் செத்த வலது கையால். உலகத்தில் எதையும் தூக்க முடியாத அந்தக் கை என் விரல்களை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு விரல்களைக் கொடுப்பேன். இறுக்கிக்கொள்வார். எழுந்து போக வேண்டுமென்றால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். முப்பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் அவர் வெளியே ஒரு நாள் என் கையைப் பிடித்து நடந்ததில்லை. கூச்சக்காரர். எல்லாவற்றையும் சேர்த்து அந்த எட்டு மாதத்தில் பிடித்தார்.

அந்த மத்தியானம் மெத்தை ஓரத்தில் தலை வைத்து நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது என் மூக்குக்கு முன்னால் உன் இரண்டு கைகள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். "விடுடா" என்றேன். நீ விடவில்லை. என் விரல்களை எடுத்தாய், என்னைத் தூக்கி நிறுத்தினாய், பக்கத்து அறையில் படுக்க வைத்தாய். நானும் தூங்கிப்போனேன், பாவி. ஐந்து மணிக்கு நீ வந்து எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கை எதைப் பிடித்துக்கொண்டு போயிற்று? கட்டில் விரிப்பையா?

ஐந்து கைகள் வரைந்திருக்கிறேன். அவருடைய ஒன்று, என்னுடைய இரண்டு, உன்னுடைய இரண்டு. பார்த்தது பார்த்தபடி. நிறம் மட்டும்தான் என் வயிற்றெரிச்சல்.

இன்றும் காலையில் எழுந்தால் அந்த இரண்டு விரல்கள் சும்மா இருக்கின்றன. அதற்கு ஏதாவது சொல்ல முடியுமானால் எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. விழுந்துவிடுவாய் என்று பயந்து படுக்க வைத்தேன். அவ்வளவுதான். அவர் அன்றைக்கே போவார் என்று எனக்கும் தெரியாது.

விரல் அப்படியே இருக்கட்டும். பெயரும் இருக்கட்டும். நான் கேட்டதை மறந்துவிடு.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும், குழாயைத் திருகுவதால் பிரயோஜனமில்லை. தையற்காரி மகனிடம் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

போன மாதம், செத்தாலும் விரல் அங்கே நிற்குமே என்று அழுதாய். இப்போது பெயரும் இருக்கட்டும் என்கிறாய். ஒரு உருளைக்கிழங்கைக்கூடப் பேரம் பேசாமல் வாங்காதவன் நீ. எதையோ விழுங்குகிறாய்.

குழாய் ஒழுகுகிறது. ஒழுகட்டும்.

அக்கா


மே 2

தம்பிக்கு,

நேற்று சட்டம் அடிக்க அளவெடுக்க ஓவிய வாத்தியார் வந்தார். கூட அவருடைய அக்காவும் வந்திருந்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவளாம். நான் காபி கலந்துகொண்டு வருவதற்குள் அவள் படத்துக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டாள். வாத்தியார் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அம்மா, இதை எதிர்ல உட்கார்ந்து பார்த்து வரைஞ்சீங்களா?"

"பார்த்ததுதான். அப்புறம் வரைஞ்சேன்."

"இந்தச் சிவப்புக் கைக்காரர் எங்க வேலை பார்த்தார்? கெட்டிக்காரர். விரலை இழுக்கல பாருங்க. முதல்ல மணிக்கட்டைக் கீழ மடக்கியிருக்கார். அப்படி மடக்கினாத்தான் விரல் தானா தளரும். எங்க பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே ஒரு மாசம் ஆகுது. நேரா இழுத்தா நோயாளிக்கு உயிர் போற வலி."

காபித் தட்டை மேசையில் வைத்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"இந்தப் பச்சைக் கை ரொம்ப நாளா இப்படி மூடியிருந்திருக்கு. கட்டை விரல் உள்ள போயிடுச்சே."

"அது என் கையைப் பிடிச்சிட்டிருக்கு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிமிஷத்தில் முகம் மாறிவிட்டது. "ஆமாம்மா. பிடிச்சிட்டிருக்கு" என்றாள். கெட்டிக்காரி, ஆனால் பொய் சொல்லத் தெரியவில்லை. காபியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அவர்கள் போனதும் நான் அந்தக் கட்டை விரலைப் பார்த்தேன். தம்பி, முப்பத்திரண்டு வருடம் எத்தனை ஆயிரம் கட்டை விரலுக்குத் தோல் வெட்டியிருப்பேன்! பிடிக்கும் கையில் கட்டை விரல் வெளியே வந்து மற்ற விரல்களின் மேல் பூட்டும். துடைப்பம் பிடித்தாலும் அப்படித்தான், குழந்தையைப் பிடித்தாலும் அப்படித்தான். இது உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வரைந்தவள் நான். கண் பார்த்ததைக் கை போட்டிருக்கிறது. புத்திக்கு மட்டும் சொல்லவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவர் என்னைப் பிடித்தாரா, இல்லை அது வெறும் நோயா?

அக்கா


மே 20

தம்பிக்கு,

பதினெட்டு நாள். தபால்காரர் என் வாசலில் சைக்கிளை மெதுவாக விடுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

உனக்கு எழுத வார்த்தை இல்லையென்றால் வேண்டாம். ஒரு அட்டையில் புள்ளி வை. அத்தான் பாஷைதான். அவர் என்னைப் பிடித்தார் என்றால் ஒரு புள்ளி, நோய் என்ற பேச்சை நிறுத்து என்று அர்த்தம். அது வெறும் நோய் என்றால் இரண்டு புள்ளி. அறுபத்தொன்பது வயதில் எனக்கு எதையும் தாங்கும் தெம்பு இருக்கிறது. தாங்க முடியாதது நீ பேசாமல் இருப்பதுதான்.

பொய்ப் புள்ளி வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா


மே 27

. .


ஜூன் 3

தம்பிக்கு,

அட்டை வந்தது. இரண்டு புள்ளிகளும் கொஞ்சம் கலங்கியிருந்தன. பேனாவை வெகு நேரம் ஊன்றி வைத்திருப்பாய்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் பின்னோக்கிப் பார்க்கிறேன். தினமும் காலையில் என் இரண்டு விரல்களை அவர் முட்டிக்குள் நானேதான் நுழைத்தேன். இறுக்கமான கையுறையில் விரலை நெளித்து நெளித்து நுழைப்பது எனக்குக் கைவந்த வேலை. நுழைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன்: "பாருடா, எப்படிப் பிடிச்சுக்கிறார்." நீ ஒவ்வொரு நாளும் "ஆமாக்கா" என்றாய். உனக்குத் தெரியும். கரண்டியை வைத்தாலும் அந்தக் கை அப்படித்தான் மூடியிருக்கும் என்று தெரிந்துகொண்டே சொன்னாய்.

எடுத்த அன்று வந்தவர்களிடமெல்லாம் கடைசி வரை என் கையை விடவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். நீ மூலையில் நின்றிருந்தாய். ஊர் உன்னைப் பாவி என்றது. அப்போதாவது வாயைத் திறந்து, அக்கா, அது நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் படமே வந்திருக்காது. என் மேல் இரக்கம் காட்ட உன்னை யார் கேட்டார்கள்? அறுபது வருடமாக உன் விரலுக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று குத்திக்காட்டுகிறாய். நீ என்னை ஐந்து வருடம் முட்டாளாக வைத்திருந்தாய். கணக்குச் சரி.

இல்லை, சரியில்லை. எனக்குத் தெரியும்.

முந்தாநாள் தோல் சீவும் கத்தியை எடுத்துப் படத்தின் கீழ் மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். ஐந்தாறு பூச்சு, கல்லாக இறுகியிருக்கிறது. டர்பன்டைன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி வண்டி வருவதற்குள் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். வாத்தியார் கேட்டால், அதில் இருந்தது ஒன்றும் இல்லாத கை என்று சொல்வேன். உன் விரலும் போய்விடும். இனி உன்னை யாரும் அடையாளம் காட்ட மாட்டார்கள். நீ கேட்டது நடந்துவிட்டது.

முப்பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பிடித்த ஒரே காலம் என்று ஒன்றை வைத்திருந்தேன். அதுவும் இல்லை. பதில் எழுதாதே.

அக்கா


ஜூன் 8
விரைவுத் தபால்

அக்கா,

துடைக்காதே. கத்தியைக் கீழே வை. இதைப் படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

நான் ஐந்து வருடம் வாயைத் திறக்காததற்குக் காரணம் ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று, நீ கண்டுபிடித்துவிட்டாய். இரண்டாவதைச் சொன்னால் முதலாவதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அதையும் சேர்த்து மூடிக்கொண்டேன். இப்போது மறைக்க ஒன்றுமில்லை.

அந்த மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது நீ தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். அத்தான் விழித்திருந்தார். அவர் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகம் உன் விரலில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு விரலும் கருநீலம். நீ அந்த வலியிலும் எழவில்லை, அவ்வளவு அசதி. உனக்கு வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தன் கையைத் திறக்க அவரால் முடியவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தேன். "அத்தான், அக்கா கையை எடுத்துடவா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் இடது கையைச் சுவர்ப் பக்கத்திலிருந்து, விரிப்புக்கு அடியிலிருந்து, மார்புக்கு மேலாகக் கொண்டுவந்தார். அந்தக் கைக்கும் உனக்கும் நடுவில் என் உடம்பு மறைத்ததால், நீ விழித்தபோதும் அது உனக்குத் தெரிந்திருக்காது. என் முழங்கைக்கு மேலே தட்டினார்.

இரண்டு தட்டு.

நான் நம்பவில்லை. "அவ எழுந்து போயிடுவா, பரவாயில்லையா?" என்று கேட்டேன். மறுபடியும் இரண்டு தட்டு. அப்புறம்தான் மணிக்கட்டை மடக்கினேன். நீ விழித்து "விடுடா" என்றாய். அந்த நிமிஷம் அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விரல்களால், கட்டை விரலும் ஆள்காட்டியும். உன்னைத் தூக்கி நிறுத்த நான் திரும்பியபோது இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உன்னைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். மறுபடியும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டார். ஐந்து மணி வரை அப்படியே இருந்தார்.

நீ கேட்டாயே, எதைப் பிடித்துக்கொண்டு போனார் என்று. என் சட்டையை.

அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. பிடித்தது என்னை, பிடிக்க நினைத்தது உன்னை. உன் இடத்தில் நான் இருந்துவிட்டேன். அதற்காகத்தான் ஊர் சொன்னதை வாங்கிக்கொண்டேன். மற்றபடி நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

வலது கை பொய் சொன்னது, அக்கா. அதைத் துடைத்துக்கொள். இடது கையை நீ வரையவே இல்லை.

முக்கா


ஜூன் 14

முக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிழவி படத்தைத் துடைத்துவிடுவாள், இதைச் சொல்லியாவது நிறுத்துவோம் என்று கதை கட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் "ஆமாக்கா" என்றவனை எப்படி நம்புவது?

டர்பன்டைன் பாட்டிலோடு படத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். உன் சிவப்புக் கையிலிருந்து தொடங்கலாம் என்று. துணியை நனைத்துக்கொண்டு உன் முழங்கைப் பக்கம் போனேன். அங்கே சட்டைக் கை.

உனக்கு ஞாபகம் இருக்காது. அந்தச் சட்டைக் கையில் நான் ஒரு இழுப்பு போட்டிருக்கிறேன். முழங்கைக்கு மேலே, பின்பக்கமாக, துணி ஒரு பக்கமாகக் கூம்பி, அதிலிருந்து நாலைந்து மடிப்பு விசிறியாக ஓடுகிறது. மஞ்சளில். படத்தில் வேறெங்கும் அந்த மஞ்சள் இல்லை. பள்ளிக்கூட ஹாலில் ஒருவர், "சட்டை எதுலயோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கே, தப்பா விழுந்துடுச்சோ?" என்று கேட்டார். "தப்பு போடறதுக்கு நான் ஸ்கூல்ல படிச்சவ இல்ல. பார்த்தேன், போட்டேன்" என்றேன். ஏன் பார்த்தேன் என்று அன்றைக்கும் யோசிக்கவில்லை. நனைத்த துணி கையிலிருந்து சொட்டி என் காலை நனைத்தது. வெகு நேரம் ஸ்டூல் மேலேயே நின்றேன்.

துணியைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. அது ஆணியில் மாட்டிய இழுப்பு இல்லை. ஆணி ஒரு புள்ளியில் இழுக்கும். இது இரண்டு விரல் அகலம்.

அப்படியானால் விடச் சொன்னார். சொல்லிவிட்டு அவரால் விட முடியவில்லை. அந்த மனிதர் கல்யாணமான புதிதில் என்னை வேலைக்கு பஸ் ஏற்றிவிட்டு, வண்டி புறப்பட்ட பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே நடப்பார். கையைப் பிடிக்க மாட்டார். கம்பியைத்தான். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. ஆகவே நீ கட்டிய கதை இல்லை.

நேற்று பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அவருக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுத்தேனே, அந்த அளவுத்தாள் இருந்தது. பழுப்புத் தாளில் பென்சிலால் சுற்றி வரைந்தது. வலதும் இடதும். அப்போது கூச்சம் அவருக்கு, பென்சில் விரலிடுக்கில் போகும்போதெல்லாம் சிரித்தார். அதனால் இடது கையின் கோடு இரண்டு இடத்தில் நடுங்கியிருக்கிறது. அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை பெரிது.

வாத்தியாருக்கு ஆள் அனுப்பி வண்டியை ஒரு வாரம் தள்ளச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தாராம். "இன்னும் ஒரு கை பாக்கி இருக்குன்னு சொல்லு" என்றேன். பெயரட்டையையும் நிறுத்தியாயிற்று. 'பிரித்தவன்' வேண்டாம். புதுப் பெயர் தோன்றவில்லை. தோன்றாவிட்டால் பெயரில்லாமல் தொங்கட்டும்.

உன் விரலுக்கு நுனி வைக்கப்போவதில்லை. அதை எதிர்பார்க்காதே. சிவப்பையும் மாற்றமாட்டேன், அது என் கோபம், அந்த நாளில் அது இருந்தது. ஆனால் முழங்கைக்கு மேலே அந்த மஞ்சள் இழுப்பில் இரண்டு விரல் வரவேண்டும், அதை என்னால் தனியாகப் போட முடியவில்லை. நாலு முறை கரியால் போட்டு அழித்துவிட்டேன். அளவு கையில் இருக்கிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தார் என்பது உன் கைக்குத்தான் தெரியும். நீ வந்து உட்கார்ந்து, இப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் அழுத்தி என்று சொல்ல வேண்டும். நான் உன் சட்டையைப் பிடித்துப் பார்த்துத்தான் வரைய முடியும்.

அந்தச் சட்டை இருந்தால் எடுத்து வா. இல்லையென்றால் ஏதாவது ஒரு சட்டை. குழாய்க்கு வாஷரும் வாங்கி வா, இங்கே கிடைப்பது சரியில்லை. திங்கள்கிழமை முதல் நான் எங்கும் போகமாட்டேன்.

வாசல் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறேன். உள்ளே வரும்போது விரல் பத்திரம்.

அக்கா